மூட்டுவலி அம்மா, சைவ அப்பா, ஜூன் மாத லிஸ்பன்

கேள்வி சுருக்கமாக இதுதான். ஜூன் 9 முதல் 13 வரை போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் ஐந்து நாள். கூட வருவது அப்பாவும் அம்மாவும், இருவருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பா சைவம், முட்டை மட்டும் பரவாயில்லை. கோட்டை, 28-ஆம் எண் டிராம், சாந்தா ஜுஸ்டா லிஃப்ட், குளோரியா மலையேற்ற வண்டி, பெலெம், சிந்த்ரா, ஃபாடோ என்ற அந்த ஊர்ப் பாட்டுக் கச்சேரி என்று ஒரு பட்டியல் போட்டு, "கலகலப்பான ஊர் என்கிறார்கள், எங்களுக்கு ஒத்துவருமா, எதை விடலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒத்துவரும். ஆனால் பட்டியலில் பாதியை அடிக்க வேண்டும். லிஸ்பனில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் என்று பெரிதாக எதுவும் கிடையாது என்பது என் கட்சி. பாரிஸ், ரோம் மாதிரி பட்டியல் போட்டு முடிக்கிற ஊர் இல்லை இது. எங்காவது உயரத்தில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துக்கொண்டு கீழே ஓட்டுக் கூரைகளையும் ஆற்றையும் பார்க்கிற ஊர். உட்கார இடம் தேடுகிற உங்கள் அம்மாவுக்குத்தான் இது உங்களைவிடப் பிடிக்கப் போகிறது.

முதலில் கால் விஷயம். ஏழு குன்றுகளின் ஊர் என்பார்கள். ஏறும்போது நமக்கு இருபது மாதிரி இருக்கும். அதைவிட மோசம் நடைபாதை. உள்ளங்கை அளவு சுண்ணாம்புக் கற்களைக் கையால் பதித்து, கறுப்பு வெள்ளையில் கோலம் போட்டிருப்பார்கள். ரோசியோ சதுக்கத்தில் அது கடல் அலை மாதிரி வளைந்து போகும், பார்க்க அவ்வளவு அழகு. பல காலம் கால் பட்டுப் பட்டு வழவழவென்று ஆகிவிட்ட கல், தூறல் போட்டால் சோப்புத் தண்ணீர் கொட்டியது போலத்தான். நான் என் அம்மாவை அழைத்துப் போனபோது ஏற்றத்தில் சமாளித்துவிட்டார். இறக்கத்தில்தான் பயந்துபோய், சுவரைப் பிடித்தபடி நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினார். அதனால் பிடிமானமுள்ள ரப்பர் அடி போட்ட ஷூ, மூவருக்கும். புதுச் செருப்பு வேண்டாம்.

தங்குவதற்கு அல்ஃபாமா என்ற பழைய பேட்டையை இணையத்தில் எல்லோரும் சொல்வார்கள். படத்துக்கு நன்றாக இருக்கும். பெட்டியை இழுத்துக்கொண்டு நூறு படி ஏறும்போது தெரியும். பைரோ ஆல்ட்டோவில் விடியும் வரை குடியும் கூத்தும். நீங்கள் சமதளமாக உள்ள பைஷா பகுதியிலோ, அவெனிடா டா லிபெர்டாடே என்ற பெரிய சாலையை ஒட்டி மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலோ எடுங்கள். பதிவு செய்யும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் நாலாவது மாடிக்கும் மரப்படிதான். ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ நகராட்சி வரி தனியாக வரும், அதிகபட்சம் ஏழு இரவுக்கு. அறை வாடகையில் அது சேர்ந்திருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, ஏறாமல் ஏறும் வழிகள். கோட்டைக்குப் போக ருவா டோஸ் ஃபங்கெய்ரோஸ் என்ற தெருவில் 170-ஆம் எண்ணை ஒட்டி ஒரு கட்டடம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் யாரோ குடியிருக்கும் வீடு என்றுதான் நினைப்பீர்கள். உள்ளே பொது லிஃப்ட், காசு கிடையாது. மேலே வந்து இடப்பக்கமாகவோ வலப்பக்கமாகவோ குழம்ப வேண்டாம், ஷாவ் டோ லொரெய்ரோ சந்தைக் கட்டடம் எங்கே என்று கேளுங்கள், எதிரிலேயே காட்டுவார்கள். பழைய சந்தை, இப்போது கீழே சூப்பர் மார்க்கெட். அதற்குள் இன்னொரு லிஃப்ட். அது கோட்டை மதிலுக்குக் கீழுள்ள தெருவில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து மிச்சம் கொஞ்சம் ஏற்றம் உண்டு. அதுவும் முடியாது என்றால் பிரசா டா ஃபிகெய்ராவிலிருந்து 737-ஆம் எண் சிறு பஸ், கோட்டை வாசல் வரை போகும். கோட்டைக்குள் மதில்மேல் நடப்பதை நீங்களும் அப்பாவும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவை மரத்தடி மேடையில் உட்கார வையுங்கள். அங்கே மயில்கள் திரியும், மேசைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். பொழுது போய்விடும்.

அதே மாதிரி பைஷாவிலிருந்து மேட்டிலிருக்கும் ஷியாடுவுக்குப் போக, பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்துக்குள் நுழையுங்கள். அதற்கு ஒரு வாசல் பள்ளத்தில், இன்னொரு வாசல் மேட்டில். நடுவே அடுக்கடுக்காக எஸ்கலேட்டர், ரயில் டிக்கெட் தேவையில்லை. இதைத் தெரிந்துகொண்டால் சாந்தா ஜுஸ்டா லிஃப்டே தேவைப்படாது. 1902-இல் கட்டிய 45 மீட்டர் இரும்புக் கோபுரம் அது. அழகுதான், ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். குளோரியா வண்டியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 3 அன்று இழுவை வடம் விட்டுப்போய்ச் சரிவில் பாய்ந்து கவிழ்ந்ததில் 16 பேர் இறந்தார்கள். 1885-லிருந்து ஓடிய வண்டி. அந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் ஆறாத காயம்.

28-ஆம் எண் டிராம் பற்றி. 1930-களின் மரப்பெட்டி வண்டி, குறுகிய வளைவில் சுவரை உரசுகிற மாதிரி போவது நல்ல வேடிக்கை. ஆனால் ஒரு முனையான மார்ட்டிம் மோனிஸில் காலை பத்து மணிக்கு ஏறப் பார்த்தால் ஒரு மணி நேரம் வரிசை, உள்ளே நெரிசல், நெரிசலுக்குள் ஜேப்படித் திருடர்கள். என்னோடு வந்த ஒருவரின் பணப்பை, தோளில் மாட்டிய பையின் ஜிப் திறந்ததே தெரியாமல் போனது. மூன்று நிறுத்தத்துக்குள் முடிந்துவிட்டது. மறுமுனையான காம்போ டெ ஒரிக்கேவில் காலை எட்டு, எட்டரைக்குப் போய் ஏறுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தே வரலாம். டிக்கெட்டை வண்டிக்குள் வாங்கினால் விலை அதிகம். மெட்ரோ நிலையத்து இயந்திரத்தில் 50 சென்ட்டுக்கு ஓர் அட்டை தருவார்கள், அதில் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒன்றை வைத்து மூவர் போக முடியாது.

அப்புறம் ஆட்டோ. ஆமாம், நம் ஊர் ஆட்டோ மாதிரியே, டுக்-டுக் என்ற பெயரில் சுற்றுலாக்காரர்களுக்காக ஓடுகிறது. நாம் கேட்டுப் பழகிய கட்டணத்தை நினைத்துக்கொண்டு ஏறினால் மயக்கம் வரும். ஏறும் முன் பேசி முடித்துவிட்டு, ஒரே ஒரு மணி நேரம், அம்மாவுக்காக, செனோரா டோ மோன்ட்டே மேடு வரை போய் வந்தால் செலவு நியாயம். ஊரிலேயே உயரமான பார்வை மேடுகளில் ஒன்று அது. மற்ற நேரம் ஆப் வழியாகக் கூப்பிடும் கார் மலிவு.

பைஷாவில் ஒரு மாலை மெதுவாக நடங்கள், அங்கேதான் தரை சமம். தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி நேராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலைப் பூசைக்குக் கூட்டம் கோயில்களில் நிறைந்திருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. தப்பித்தவர்கள் ஆற்றங்கரைத் திறந்தவெளிக்கு ஓட, அங்கே சுனாமி வந்தது. பீடங்களில் எரிந்த மெழுகுவர்த்திகளிலிருந்து பிடித்த தீ பல நாள் அணையவில்லை. ஊரைத் திரும்பக் கட்டும் பொறுப்பை ஏற்ற அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்றவர், எல்லாக் கட்டடத்துக்கும் சுவருக்குள்ளே மரச்சட்டக் கூண்டு வைக்க வேண்டும் என்று விதி போட்டார். ஆட்டம் கண்டாலும் சுவர் உதிரட்டும், கூண்டு நிற்கட்டும் என்ற கணக்கு. மாதிரி ஒன்றைக் கட்டி, சுற்றிலும் படைவீரர்களை மிதித்து நடக்க வைத்துச் சோதித்தார்கள். நீங்கள் சட்டை வாங்கப் போகும் கடையின் சுவருக்குள்ளும் அந்தக் கூண்டு இருக்கலாம். மேலே ஷியாடு பக்கம் கார்மோ மடத்தைக் கூரையில்லாமலே விட்டிருக்கிறார்கள், கல் வளைவுகளுக்கு நடுவே வானம் தெரியும்.

அந்த மடத்துக்கு வெளியே உள்ள சிறு சதுக்கத்தில் ஊதாப் பூ பூக்கும் ஜக்கராண்டா மரங்கள் இருக்கின்றன. நீங்கள் போகும் ஜூன் தொடக்கத்தில் மிச்சப் பூ இருக்கும். பக்கத்துப் படை முகாமில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார ஆட்சியின் கடைசிப் பிரதமர் சரணடைந்தார். துப்பாக்கிக் குழாயில் சிவப்புக் கார்னேஷன் பூ செருகிய படத்தைப் பார்த்திருப்பீர்களே, அந்த நாள். ஆற்றின் மேலிருக்கும் சிவப்புத் தொங்கு பாலத்துக்கு முன்பு சர்வாதிகாரி சலசாரின் பெயர். இப்போது அதன் பெயரே "ஏப்ரல் 25".

பெலெமுக்கு காயிஷ் டோ சொத்ரேயிலிருந்து ரயிலில் போங்கள், பத்து நிமிஷம்கூட ஆகாது, 15-ஆம் எண் டிராமைவிட உட்கார இடம் கிடைக்கும். ஜெரோனிமோஸ் மடம் திங்கட்கிழமை மூடியிருக்கும், ஜூன் 13-ம் மூடல். அதனால் அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். மடத்தின் உள்முற்றத்துக்குத்தான் டிக்கெட், ஒட்டியுள்ள கோயிலுக்கு இலவசம். நுழைந்ததும் இடப்பக்கம் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1524-இல் கொச்சியில் இறந்து, முதலில் அங்கேயே புதைக்கப்பட்டவர். எலும்பு பிறகு கப்பலேறி வந்தது. மிளகுப் பணத்தில் எழுந்த கட்டடம் என்பதால் தூண்களில் கப்பல் கயிறும் கடல் பொருளுமாகச் செதுக்கியிருப்பார்கள். உள்முற்றத்தில் அரைமணி உட்காரலாம். பெலெம் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும், உள்ளே ஒடுங்கிய சுழற்படி, அம்மாவுக்கு ஆகாது.

மடத்துக்குப் பக்கத்தில் 1837-லிருந்து பெலெமுக்குப் பேர்போன சிறு முட்டைக் கேக் விற்கும் கடை. வெளியே நீளும் வரிசை கையில் வாங்கிப் போகிறவர்களுக்கானது. உள்ளே நீல ஓடு பதித்த அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், உட்கார இடம் சீக்கிரம் கிடைத்துவிடும். சூடாக வரும். மேலே இலவங்கப்பட்டைத் தூளும் பொடித்த சர்க்கரையும் மேசையிலேயே இருக்கும். ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும், நடுவில் இருப்பது திரட்டுப்பாலுக்கும் முட்டைக்கும் பிறந்த குழந்தை. மற்ற கடைகளில் இதையே பஸ்டெல் டி நாட்டா என்பார்கள். சில கடைகளில் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, அப்பாவுக்காக ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு, அப்பாவுக்குச் சோதனைதான். "இறைச்சி வேண்டாம்" என்றால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால் சூப் வரும், அதில் ஒரு வட்டம் பன்றி சாசேஜ் மிதக்கும். கால்டோ வெர்டே என்ற கீரை உருளைக்கிழங்கு சூப்பின் வழக்கம் அது. "செம் கார்னே, செம் பெய்ஷே, செம் ஷொரிசோ" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெனுவில் பெய்ஷின்யோஸ் டா ஹொர்டா என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். "தோட்டத்துக் குட்டி மீன்கள்" என்று பொருள், ஆனால் மீன் இல்லை. பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரிப்பது, நம் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட தம்பி. போர்ச்சுகல்காரர்கள் கொண்டுபோய்த்தான் ஜப்பானில் டெம்புரா ஆனது என்பார்கள். நாலாவது நாள் அப்பாவுக்குச் சோறு கேட்கும். மார்ட்டிம் மோனிஸ் பக்கம் ருவா டோ பென்ஃபொர்மோசோவில் வங்காளதேச, நேபாள, இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கறிவேப்பிலை, தயிர், ஊறுகாய் எல்லாம் கிடைக்கும் இடம். லுமியார் பக்கம் குஜராத்தி இந்துச் சமூகத்தின் ராதா கிருஷ்ணர் கோயிலும், அதோடு சைவ உணவுக்கூடமும் உண்டு. டையூவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வந்து குடியேறியவர்கள்.

ஹோட்டலில் உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், சீஸ் என்று கேட்காமலே வைப்பார்கள். உபசாரம் இல்லை, பில்லில் வரும். தொடாமல் வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்வார்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காப்பிக்கு லிஸ்பனில் "பிக்கா" என்று பெயர், சின்னக் கோப்பையில் நாலு மடக்கு. நம்மவர்களுக்குப் பால் வேண்டும், "கலாவ்" என்று கேளுங்கள், கண்ணாடி டம்ளரில் வரும்.

மொழிக்கு அஞ்ச வேண்டாம். பாதி வார்த்தை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நாங்கள் தங்கிய வீட்டுக்காரப் பாட்டி ஒரு கொத்தைக் கையில் கொடுத்து "ஷாவ்" என்றார். அம்மா சட்டென்று "சாவியைத்தான் சொல்றாங்க" என்றார். அப்புறம் பாட்டி ஜன்னலைத் திறந்து "ஜனெலா", மேசையைத் தட்டி "மேஸா", அலமாரியைக் காட்டி "அர்மாரியோ", உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தது "துவால்யா". துவாலை! இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் வீடு முழுக்கப் பெயர் சொல்லிக்கொண்டு போனார்கள், நான் வாசலில் பெட்டியோடு நின்றேன். நன்றி சொல்ல மட்டும் ஆண்கள் "ஒப்ரிகாடு", பெண்கள் "ஒப்ரிகாடா". இதில் இன்னொரு சேதி, நம் ஆட்களில் நிறையப் பேருக்குத் தெரியாது. 1554-இலேயே தமிழ் ஒரு புத்தகத்தில் அச்சேறியது இதே லிஸ்பனில்தான். தமிழ் வாசகத்தை ரோமன் எழுத்தில் போட்ட சிறு கிறிஸ்தவப் போதனைப் புத்தகம் அது.

ஃபாடோவுக்கு ஓர் இரவு ஒதுக்குங்கள், ஆனால் சாப்பாட்டோடு சேர்த்து விற்கும் பெரிய கூடங்களில் அப்பாவுக்குத் தட்டில் ஒன்றும் இருக்காது. வெளியில் சாப்பிட்டுவிட்டு, குடிக்க மட்டும் வாங்கிக்கொண்டு கேட்க விடும் சின்ன இடமாகப் பாருங்கள். குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்று வாசலிலேயே கேளுங்கள். விளக்கைத் தணிப்பார்கள், பன்னிரண்டு தந்தி போட்ட, பேரிக்காய் வடிவ கிதார் தொடங்கும். அந்த நிமிஷம் முதல் பேசக்கூடாது, கரண்டிச் சத்தம்கூட வரக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் முறைப்பார், சரியாகத்தான் முறைப்பார்.

சிந்த்ராவை இந்த முறை விடுங்கள். பேனா அரண்மனை மலை உச்சியில், ஜூனில் கூட்டம், நேரம் குறித்த டிக்கெட், பஸ்ஸுக்கு வரிசை. அதற்குப் பதில் காயிஷ் டோ சொத்ரேயிலிருந்து கஷ்காயிஷுக்கு ரயிலேறுங்கள். சுமார் நாற்பது நிமிஷம், இடப்பக்க ஜன்னலில் முதலில் ஆறு, பிறகு கடல். இறங்கினால் சமதளத் தெரு, கடற்கரை, ஐஸ்கிரீம். அதே காயிஷ் டோ சொத்ரேயில் மாலையில் கசிலியாஸுக்குப் படகும் உண்டு. பத்து நிமிஷப் பயணம், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களோடு போகலாம். ஜூனில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், திரும்பி வரும்போது ஊர் முழுக்கப் பொன்னிறமாகத் தெரியும். ஆற்றுக் காற்று குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் தேதி. தெரிந்து எடுத்தீர்களோ தெரியாமல் எடுத்தீர்களோ, ஜூன் 12 இரவுதான் லிஸ்பனின் பெரிய திருவிழா. உவரியிலும் கச்சத்தீவிலும் நாம் பதுவை அந்தோணியார் என்று கும்பிடுகிறவர் பிறந்தது பதுவையில் இல்லை, லிஸ்பனில். பேராலயத்துக்குப் பக்கத்தில் அவர் பிறந்த இடத்தின் மேலேயே சிறு கோயில் இருக்கிறது. "இத்தாலிக்காரர்கள் பெயரை எடுத்துக்கொண்டார்கள்" என்று ஊர்க்காரர்கள் இன்றும் குறைபட்டுக்கொள்வார்கள். அன்றிரவு அவெனிடா டா லிபெர்டாடேயில் ஒவ்வொரு பேட்டையும் தனித்தனி உடையில் ஆடிப்பாடி ஊர்வலம் வரும். அல்ஃபாமா சந்துகளில் வீட்டுக்கு வீடு அடுப்பு வைத்து மத்தி மீன் சுடுவார்கள், புகையில் கண் எரியும், தலைக்கு மேலே கலர்த்தாள் தோரணம், விடியும் வரை பாட்டு. அந்த இரவில் அம்மாவை அல்ஃபாமாவுக்குள் கூட்டிப்போக வேண்டாம், நெரிசலில் காலூன்ற இடம் இருக்காது, கார் உள்ளே வராது. அடுப்பும் தோரணமும் மாதம் முழுக்க உண்டு என்பதால் 10 அல்லது 11-ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 12 அன்று அவெனிடாவில் ஓரமாக ஊர்வலம் பாருங்கள், நடந்தே அறைக்குத் திரும்பும் தூரத்தில் விடுதி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 13 ஊர் விடுமுறை, கடைகள் பல திறக்காது. விமான நிலையத்துக்கு மெட்ரோ சிவப்புப் பாதையில் போய்விடலாம். கிளம்பும்போதும் கடவுச்சீட்டு வரிசை உண்டு, விரல்ரேகையும் புகைப்படமும் எடுக்கும் புதுமுறை வேறு, மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள்.

அந்த நாட்களில் தெரு முழுக்கச் சின்னத் தொட்டியில் உருண்டையான செடி விற்பார்கள், மேலே காகிதப் பூவும் நாலு வரிக் காதல் கவிதையும் குத்தியிருக்கும். மஞ்சரிகோ என்று பெயர், நம் துளசிக்குச் சொந்தம், திருநீற்றுப்பச்சை வாசம் வரும். நேராக மூக்கை வைத்து மோந்தால் செடி வாடிவிடும் என்பது அங்கே நம்பிக்கை. உள்ளங்கையால் லேசாக வருடிவிட்டுக் கையைத்தான் மோந்து பார்ப்பார்கள். அம்மாவுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஊருக்குக் கொண்டுவர முடியாது, விமான நிலையத்தில் விடமாட்டார்கள். கிளம்பும் காலையில் அறையைச் சுத்தம் செய்ய வருபவரிடம் கொடுத்துவிட்டு வரலாம்.